அட்டை அறிக்கையில் அறியாத சந்தாப் பிடித்தம்: கண்டறிவதும் ஆட்சேபிப்பதும்

கடன் அட்டையின் மாதாந்தர அறிக்கையில், பெயரைப் பார்த்தால் எதுவும் விளங்காத ஒரு நிறுவனத்திற்கு மாதந்தோறும் பணம் போய்க்கொண்டிருப்பதை நான்காவது மாதத்தில்தான் கவனித்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார். தொகை சிறியது என்பதால் முன்பு கண்ணில் படவில்லை. முதல் பிடித்தம் நடந்து இப்போது 100 நாள் ஆகிறது. வங்கியை அழைத்தபோது, “மோசடி என்று பதிவு செய்து அட்டையை முடக்கிவிடலாமா?” என்று மட்டுமே கேட்டார்களாம். அப்படிச் செய்வதா, வேறு வழி உண்டா, போன பணம் திரும்புமா என்பவை அவருடைய கேள்விகள்.

அட்டை முறையீடுகளைக் கையாளும் பிரிவில் நான் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். அந்த அனுபவத்திலிருந்து முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இத்தகைய முறையீடுகளின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் வாடிக்கையாளர் வங்கியிடம் சொல்லும் முதல் வாக்கியத்திலேயே முடிவாகிவிடுகின்றன. “இதை நான் செய்யவே இல்லை” என்பது ஒரு முறையீடு. “செய்தேன், ஆனால் ரத்து செய்த பிறகும் பணம் எடுக்கிறார்கள்” என்பது இன்னொரு முறையீடு. “இலவசம் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டு பணம் எடுத்துவிட்டார்கள்” என்பது மூன்றாவது. மூன்றுக்கும் வெவ்வேறு விதிகள், வெவ்வேறு சான்றுகள். பதற்றத்தில் எல்லாவற்றையும் மோசடி என்ற ஒரே பெயரில் பதிவு செய்துவிட்டு, நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் தோற்றவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். ஆகவே அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதே அட்டையில் நீங்கள் அறியாத வேறு பிடித்தங்களும் இருந்தாலோ, நீங்கள் எதுவும் வாங்காத நேரத்தில் ஓடிபி வந்துகொண்டிருந்தாலோ, முதலில் மிகச் சிறிய தொகையும் அடுத்த சில மணி நேரத்தில் பெரிய தொகையும் போயிருந்தாலோ, ஆராய்ச்சிக்கு நேரம் இல்லை. உடனே அட்டையை முடக்கிவிட வேண்டும். திருடிய அட்டை எண் உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கச் சிறு தொகை ஒன்றை எடுத்துப் பார்ப்பது திருடர்களின் வழக்கம். ஆனால் மாதம் ஒரு முறை, ஒரே தேதியை ஒட்டி, ஒரே தொகை என்ற ஒழுங்கோடு வருவது பெரும்பாலும் சந்தா. அது உங்கள் சந்தாவா, வேறொருவர் உங்கள் அட்டையில் தொடங்கிய சந்தாவா என்பதுதான் இனித் தெரிய வேண்டியது.

பெயர் ஏன் விளங்குவதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் பாதித் தேடல் முடிந்துவிடும். பணம் பெறும் நிறுவனத்தின் பெயருக்கு அட்டை அறிக்கையில் கிடைக்கும் இடம் ஏறத்தாழ 22 முதல் 25 எழுத்துகள் மட்டுமே. நீளமான பெயர் பாதியில் வெட்டப்படும். உயிரெழுத்துகள் நீக்கப்பட்டுச் சுருக்கப்படும். சொற்களுக்கு இடையே இடைவெளி இராது. அதைவிட முக்கியமானது, அங்கே அச்சாவது நீங்கள் அறிந்த செயலியின் பெயராக இல்லாமல், அதை நடத்தும் கம்பெனியின் பதிவுப் பெயராகவோ அதன் தாய் நிறுவனத்தின் பெயராகவோ இருக்கலாம் என்பது. உடற்பயிற்சிச் செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டியவருக்கு, அறிக்கையில் அவர் கேள்வியே பட்டிராத ஏதோ ஒரு மென்பொருள் கம்பெனியின் பெயர் தெரியும். பெயருக்கு அருகே வரும் ஊரும் குழப்பும்; இணையச் சந்தாக்களில் அது பெரும்பாலும் அந்த நிறுவனம் பதிவு செய்யப்பட்டுள்ள ஊர், நீங்கள் வாங்கிய இடமன்று.

பெயரின் நடுவே நட்சத்திரக் குறி இருந்தால் அது நல்ல தடயம். பொதுவாக அந்தக் குறிக்கு முன்னால் இருப்பது பணத்தை வாங்கிக் கொடுக்கும் இடைநிலை நிறுவனத்தின் சுருக்கம்; பின்னால் இருப்பதே உண்மையில் பணம் பெற்றவரின் பெயர். பேபால், ஸ்கொயர் போன்ற சேவைகளின் வழியாகப் போன பணம் இப்படித்தான் தெரியும். முன்பகுதியை மட்டும் பார்த்து, “நான் பேபாலில் எதுவும் வாங்கவில்லையே” என்று கலங்குகிறவர்கள் அதிகம். அந்த இடைநிலைச் சேவையில் உங்களுக்குக் கணக்கு இருந்தால், உள்ளே சென்று பரிவர்த்தனைப் பட்டியலைப் பாருங்கள். முழுப் பெயரும், பெரும்பாலும் தொடர்பு முகவரியும் அங்கே இருக்கும்.

ஆப்பிள், கூகுள் ஆகியவற்றின் செயலிக் கடைகள் வழியாகத் தொடங்கிய சந்தாக்களில் நிலைமை இன்னும் சற்றுச் சிக்கலானது. எந்தச் செயலியாக இருந்தாலும் அறிக்கையில் கடையின் பெயர்தான் மேலோங்கித் தெரியும். அதே கடையில் ஒரே நாளையொட்டி வாங்கிய இரண்டு மூன்று பொருள்கள் சேர்ந்து ஒரே தொகையாக வருவதும் உண்டு. அப்போது எந்தச் சந்தாவின் விலையோடும் அந்தத் தொகை ஒத்துப்போகாது. கடைக் கணக்கில் உள்ள சந்தாப் பட்டியலையும் கொள்முதல் வரலாற்றையும் பார்த்தால்தான் தெளிவு கிடைக்கும். குடும்பப் பகிர்வு வசதியைப் பயன்படுத்துகிற வீடுகளில், பிள்ளைகளோ பெற்றோரோ வாங்கியது குடும்பத்தின் பொறுப்பாளராகப் பதிவு செய்தவரின் அட்டையில் வந்து விழும். ஆகவே வீட்டில் உள்ள எல்லோரிடமும் ஒரு முறை கேட்டுவிடுங்கள். குற்றம் சாட்டும் குரலில் கேட்காதீர்கள். எதையோ அழுத்திவிட்டோம் என்று அஞ்சும் குழந்தை உண்மையைச் சொல்லாது. அந்த மௌனத்தை நம்பி நீங்கள் வங்கியில் மோசடி என்று எழுதிக் கொடுத்துவிடுவீர்கள்.

மின்னஞ்சலில் தேடும்போது நிறுவனப் பெயரைக் கொண்டு தேடுவதைவிடத் தொகையைக் கொண்டு தேடுவது பயன் தரும். புள்ளிக்குப் பின்வரும் எண்கள் உட்பட அப்படியே இட்டுத் தேடுங்கள். வெளிநாட்டு நாணயத்தில் போன பணம் என்றால் அறிக்கையிலேயே மூல நாணயமும் மூலத் தொகையும் பெரும்பாலும் இருக்கும். அந்த மூலத் தொகையைத் தேட வேண்டும். நாணய மாற்று விகிதத்தாலும் வங்கி சேர்க்கும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணத்தாலும் உங்கள் நாணயத்தில் தொகை மாதத்துக்கு மாதம் சற்று மாறும். அந்த மாற்றத்தைக் கண்டு, ஒவ்வொரு மாதமும் வேறு வேறு தொகை எடுக்கிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அட்டையின் கடைசி நான்கு இலக்கங்களை இட்டும் தேடிப் பாருங்கள். பல ரசீதுகளில் அவை இடம்பெறும். முதல் பிடித்தத்துக்கு 7, 14, 30 நாள்களுக்கு முந்தைய தேதிகளில் வந்த அஞ்சல்களைத் தனியே பார்ப்பது நல்லது, ஏனென்றால் இலவசச் சோதனைக் காலங்கள் பெரும்பாலும் அந்த அளவிலேயே அமைகின்றன. பழைய மின்னஞ்சல் முகவரி, அலுவலக முகவரி, குப்பை அஞ்சல் பெட்டி ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை வரும் சந்தாவாக இருந்தால் சென்ற ஆண்டின் அதே மாத அறிக்கையைத் திறந்து பார்ப்பதே குறுக்குவழி.

இத்தனைக்கும் பிறகு புலப்படவில்லையென்றால் வங்கியை அழைக்கலாம். ஆனால் இந்த முதல் அழைப்பு தகவல் கேட்பதற்கு மட்டுமே. “முறையீடு இப்போது பதிய வேண்டாம், இந்தப் பரிவர்த்தனையைப் பற்றிய விவரம் வேண்டும்” என்று தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அறிக்கையில் அச்சாவதைவிட அதிகமான செய்திகள் வங்கியின் திரையில் உண்டு: பணம் பெற்றவரின் முழுப் பெயர், பல நேரங்களில் தொலைபேசி எண் அல்லது இணைய முகவரி, அவர் எந்த வகை வணிகர் என்பதைக் காட்டும் நான்கு இலக்க எண். இந்த எண் மிகவும் உதவும். 5968 என்றிருந்தால் தொடர் சந்தா அடிப்படையில் நேரடி விற்பனை செய்பவர். 5815 முதல் 5818 வரை என்றால் புத்தகம், இசை, விளையாட்டு, செயலி போன்ற மின்னணுப் பொருள்கள். 4899 என்றால் கேபிள் மற்றும் கட்டணத் தொலைக்காட்சி வகை. இன்னும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இது தொடர் பிடித்தம் என்று குறிக்கப்பட்டு வந்ததா? முதல் பரிவர்த்தனையின்போது ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு நடந்ததா? ஓடிபி கொடுத்துத்தான் அது தொடங்கியது என்றால், அதை நீங்களோ உங்கள் கைபேசியைக் கையில் வைத்திருந்த ஒருவரோதான் தொடங்கியிருக்க வாய்ப்பு மிகுதி.

பெயரை இணையத்தில் தேடும்போது ஓர் ஆபத்து இருக்கிறது. இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். அறியாத பிடித்தத்தைப் பற்றித் தேடுபவர்கள் பதற்றத்தில் இருப்பார்கள் என்று தெரிந்தே, போலி வாடிக்கையாளர் சேவை எண்களைச் சிலர் இணையத்தில் பரப்பி வைத்திருக்கிறார்கள். அழைத்தால் மிகுந்த பரிவோடு பேசுவார்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி அட்டையின் முழு எண்ணையும், பின்புறத்தில் உள்ள மூன்று இலக்க எண்ணையும், ஓடிபியையும் கேட்பார்கள், அல்லது உங்கள் கைபேசித் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வார்கள். பணம் திருப்பித் தருவதற்கு இவற்றில் எதுவுமே தேவையில்லை. வங்கியின் எண்ணை அட்டையின் பின்புறத்திலிருந்தே எடுங்கள். நிறுவனத்தின் எண்ணை அதன் சொந்தத் தளத்திலிருந்தோ வங்கி தந்த விவரத்திலிருந்தோ எடுங்கள்.

நிறுவனம் எது என்று தெரிந்துவிட்ட பிறகு, நடந்தது என்ன என்பதை உங்களுக்கு நீங்களே உண்மையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். மறந்துபோன சந்தா என்றால் அது மறந்துபோன சந்தாதான். அதை மோசடி என்று எழுதிக் கொடுப்பது பொய் மட்டுமன்று, தோற்கக்கூடிய பொய். நிறுவனத்திடம் நீங்கள் பதிவு செய்த மின்னஞ்சல், கருவியின் அடையாளம், இணைய முகவரி எண் (ஐபி), உள்ளே நுழைந்த நாள் நேரம் ஆகிய எல்லாம் இருக்கும். விசா நிறுவனம் 2023 ஏப்ரல் 15 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி இந்த இடத்தில் முக்கியமானது. இணையத்தில் நடந்த ஒரு பரிவர்த்தனையை அட்டைதாரர் மோசடி என்று மறுத்தால், அதே அட்டையில், முறையீட்டுக்கு 120 நாளுக்கு மேலும் 365 நாளுக்குள்ளும் முன்பு நடந்த, மோசடி என்று மறுக்கப்படாத இரண்டு பழைய பரிவர்த்தனைகளை வணிகர் எடுத்துக் காட்டலாம். அவற்றிலும் இப்போதையதிலும் குறைந்தது இரண்டு அடையாளங்கள், அவற்றுள் ஒன்று இணைய முகவரி எண்ணாகவோ கருவியின் அடையாளமாகவோ இருக்கும்படி, ஒத்துப்போனால் மோசடி என்ற வாதம் நிற்காது. பல மாதங்கள் பேசாமல் கட்டிவிட்டுத் திடீரென்று மோசடி என்று சொல்வோரின் முறையீடு ஏன் திரும்பி வருகிறது என்பதற்கு இதுவே விளக்கம்.

மறந்துபோன சந்தாவுக்கும் வழி இல்லாமல் இல்லை. நிறுவனத்திற்கு நேரே எழுதி, சேவையைப் பயன்படுத்தவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, அண்மைய ஒன்றிரண்டு மாதத் தொகையையாவது திருப்பித் தரும்படி கேளுங்கள். முறையீடு வங்கி வழியாக வந்தால் தொகையோடு தனிக் கட்டணமும் வணிகர் தலையில் விழும். முறையீடுகளின் விகிதம் கூடினால் அட்டை வழியே பணம் பெறும் உரிமைக்கே இடையூறு வரும். எனவே பணிவாகக் கேட்பவருக்குத் திருப்பித் தருவதே தங்களுக்கு ஆதாயம் என்பது நிறுவனங்களுக்குத் தெரியும்.

ரத்து செய்த பிறகும் பிடிக்கிறார்கள் என்பது உங்கள் நிலை என்றால், உங்கள் கை வலுவானது. விசாவின் வகைப்பாட்டில் 13.2 என்ற எண் இதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது: ரத்து செய்யப்பட்ட தொடர் பரிவர்த்தனை. மோசடி என்பதற்கான 10.4 அதிலிருந்து முற்றிலும் வேறு. மாஸ்டர்கார்டிலும் இந்த இரண்டும் தனித்தனிக் காரணங்களே. வங்கி ஊழியரிடம் இந்த எண்களைச் சொல்ல வேண்டும் என்பதில்லை. “ரத்து செய்த பிறகு எடுக்கப்பட்ட தொடர் சந்தா” என்று சொன்னாலே சரியான பெட்டியில் போய்ச் சேரும். இங்கே கேட்கப்படும் சான்று ஒன்றுதான்: எந்த நாளில், எந்த வழியில் ரத்து செய்தீர்கள் என்பது. உறுதி மின்னஞ்சல், திரையின் படம், உரையாடல் பதிவு, எதுவாயினும் தேதி தெரிய வேண்டும். கைபேசியிலிருந்து செயலியை நீக்கியது ரத்து ஆகாது. இதை நம்பியே பல மாதச் சந்தாவை இழந்தவர்கள் உண்டு.

இலவசச் சோதனை என்று சேர்த்துக்கொண்டு, அது முடிந்ததும் முழுத் தொகையை எடுத்துவிட்டார்கள் என்பதும் அடிக்கடி வரும் குறை. விசா 2020 ஏப்ரல் 18 முதல் இத்தகைய வணிகர்களுக்குச் சில கடமைகளை விதித்திருக்கிறது: சோதனைக் காலத்துக்குப் பின் பணம் எடுக்கப்படும் என்பதற்கு வாடிக்கையாளரின் வெளிப்படையான ஒப்புதலைப் பெற வேண்டும், பிடிப்பதற்குக் குறைந்தது 7 நாள் முன்பு மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்ப வேண்டும், ரத்து செய்வதற்கான இணைப்பை அதில் தர வேண்டும். இவற்றில் ஒன்று நடக்கவில்லை என்றால் அதையே முறையீட்டின் மையமாக வையுங்கள். “எனக்குப் பிடிக்கவில்லை” என்பதைவிட, “எந்த அறிவிப்பும் இல்லாமல் சோதனைக் காலம் கட்டணச் சந்தாவாக மாற்றப்பட்டது” என்பது வலுவான வாக்கியம்.

எந்த நிலையிலும், வங்கிக்குப் போவதற்கு முன் நிறுவனத்திற்கு ஒரு முறை எழுதுவது நல்லது. முற்றிலும் அறியாத மோசடியில் மட்டும் இது தேவையில்லை. நிறுவனத்தோடு தீர்க்க முயன்றீர்களா என்ற கேள்வி வங்கியின் படிவத்திலேயே பெரும்பாலும் இருக்கும். தொலைபேசியைவிட எழுத்து நல்லது. கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை, இப்படி எழுதலாம்:

“இன்ன எண்ணில் முடியும் என் அட்டையிலிருந்து இன்ன இன்ன தேதிகளில் தங்கள் நிறுவனம் இன்ன தொகையை எடுத்துள்ளது. இந்தச் சந்தாவை இன்ன நாளில் ரத்து செய்தேன். அதற்கான சான்றை இணைத்துள்ளேன். அந்த நாளுக்குப் பின் எடுத்த தொகையைத் திருப்பித் தருமாறும், இனி இந்த அட்டையிலிருந்து எதுவும் எடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். என் அட்டையைப் பயன்படுத்த நான் தந்திருந்த அனுமதியை இந்தக் கடிதத்தின் மூலம் திரும்பப் பெறுகிறேன். 7 நாளுக்குள் பதில் இல்லையென்றால் என் வங்கியின் மூலம் முறையீடு செய்வேன்.”

முழு அட்டை எண்ணை இதில் எழுதாதீர்கள். அனுமதியைத் திரும்பப் பெறுகிறேன் என்ற வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்; அடுத்த மாதம் மீண்டும் பணம் எடுத்தால், அந்த ஒரு வரி உங்களுக்காகப் பேசும்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். சந்தாவை ரத்து செய்வது, இனிமேல் பணம் போவதைத் தடுப்பது, போன பணத்தைத் திரும்பப் பெறுவது ஆகியவை மூன்று தனி வேலைகள். ஒன்றைச் செய்தால் மற்ற இரண்டும் தாமாக நடந்துவிடுவதில்லை. வங்கி மூலம் பணத்தைத் திரும்பப் பெற்றாலும் நிறுவனத்துடனான உங்கள் ஒப்பந்தம் அப்படியே இருக்கலாம். ஓராண்டு ஒப்பந்தம் என்றால் மீதித் தொகைக்குக் கடிதம் வரக்கூடும். அதுபோலவே, அட்டையை மாற்றிவிட்டால் தொல்லை தீரும் என்பதும் எப்போதும் உண்மையாவதில்லை. விசாவும் மாஸ்டர்கார்டும் அட்டை விவரங்களைத் தாமாகவே புதுப்பிக்கும் சேவைகளை நடத்துகின்றன. உங்கள் அட்டை காலாவதியாகியோ மாற்றப்பட்டோ புதிய எண் வந்தால், வங்கி அதில் பங்கேற்கும்போது, அந்தப் புதிய எண் பழைய எண்ணைச் சேமித்து வைத்திருக்கும் வணிகர்களுக்குப் போய்ச் சேரும். நியாயமான சந்தாக்கள் தடைப்படக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. வேண்டாத சந்தாவும் அதே வழியில் பின்தொடரும். ஆகவே அட்டையை மாற்றும்போது, புதிய எண்ணை வணிகர்களுக்குத் தெரிவிக்கும் சேவையிலிருந்து என் அட்டையை விலக்க முடியுமா என்று கேளுங்கள். அதோடு, இந்த ஒரு வணிகரின் தொடர் பிடித்தத்தை மட்டும் நிறுத்தும் உத்தரவு இடச் சொல்லுங்கள். பல வங்கிகளால் இதைச் செய்ய முடியும். ஆனால் நீங்கள் கேட்டால்தான் செய்வார்கள். அட்டையை முடக்குவதால் உங்கள் மற்ற நியாயமான சந்தாக்களும் கட்டணங்களும் தடைப்படும் என்பதையும் கருதிப் பார்த்தால், அந்தத் தனி உத்தரவின் அருமை விளங்கும்.

காலக்கெடுவுக்கு வருகிறேன். விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை நிறுவனங்களின் விதிப்படி, இந்த வகை முறையீடுகளுக்குப் பொதுவாக 120 நாள் அவகாசம். ஒவ்வொரு பிடித்தத்துக்கும் கணக்கு தனித்தனியாக ஓடும். அதற்கும் மேலாக அந்தந்த நாட்டுச் சட்டம் தரும் உரிமைகள் உண்டு. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டின் நியாயமான கடன் பட்டியல் சட்டம், பிழை இடம்பெற்ற முதல் அறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒப்புதல் இல்லாத பரிவர்த்தனைகளைத் தெரிவிக்க 13 மாதம் வரை இடம் உண்டு. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் பிழையோ வாடிக்கையாளரின் பிழையோ இல்லாமல் நடந்த ஒப்புதலற்ற மின்னணுப் பரிவர்த்தனையை, வங்கியிடமிருந்து செய்தி வந்த 3 வேலை நாளுக்குள் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை. தாமதம் ஆக ஆகப் பொறுப்பு கூடும். 2021 அக்டோபர் முதல் அங்கே தொடர் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பே வங்கி செய்தி அனுப்ப வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. குறுஞ்செய்திகளைப் படிக்காமல் தள்ளிவிடும் பழக்கம் இந்தப் பாதுகாப்பைப் பயனற்றதாக்கிவிடுகிறது என்பது எனக்கு வருத்தம். டெபிட் அட்டையாக இருந்தால் பணம் உங்கள் கணக்கிலிருந்தே போய்விட்டது என்பதால் இன்னும் விரைந்து செயல்பட வேண்டும்.

முறையீடு பதிந்த பிறகு வங்கி தற்காலிகமாகத் தொகையை உங்கள் கணக்கில் வரவு வைக்கலாம். அது முடிவு அன்று. வணிகருக்குப் பதில் சொல்லச் சில வாரங்கள் உண்டு. அவர் சான்று தந்தால் வங்கி உங்களிடம் விளக்கம் கேட்கும், அல்லது வரவு வைத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்தால் வணிகர் தந்த ஆவணங்களின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். அவற்றில் உங்களுடையது அல்லாத முகவரியோ, நீங்கள் ரத்து செய்த நாளுக்குப் பின் சேவையே பயன்படுத்தப்படவில்லை என்று காட்டும் பதிவோ இருந்தால், அதைச் சுட்டிக்காட்டி மறுபடி எழுதலாம். எழுதும்போது வருத்தத்தையும் கோபத்தையும் குறைத்து, தேதி வரிசையில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். முறையீட்டைப் படிப்பவருக்கு ஒரு நாளில் பல பத்துக் கோப்புகள். நடுவில் நிறுவனமே பணத்தைத் திருப்பித் தந்துவிட்டால் உடனே வங்கிக்குத் தெரிவியுங்கள். இரண்டு வழியிலும் பணம் வந்து, ஒன்று பின்னர் திரும்ப எடுக்கப்படும்போது ஏற்படும் குழப்பத்தைத் தீர்க்க மாதங்கள் ஆகும். கடன் அட்டையில், ஆட்சேபித்த தொகை நீங்கலாக மற்றதைக் கெடு நாளுக்குள் கட்டிவிட வேண்டும். ஆட்சேபித்த தொகையைக் கட்டாமல் நிறுத்தி வைக்கலாமா என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் அது நாட்டுக்கு நாடு மாறும்.

இனி, கேள்வி கேட்டவரின் நிலைக்குத் திரும்புகிறேன். நான்கு பிடித்தங்களில் முதலாவது நடந்து 100 நாள் ஆகிவிட்டது என்பதால், அட்டை நிறுவன விதிப்படி அதற்கு மீதமிருப்பது ஏறத்தாழ 20 நாள். உங்கள் நாட்டுச் சட்டத்தின் கெடு வேறாக இருக்கலாம், அதை வங்கியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த பிடித்தமும் அதே 20 நாளில்தான் வரவிருக்கிறது. ஆகவே தேடலை இன்றும் நாளையும் முடித்துவிடுங்கள். நாளை மறுநாள் வங்கியை அழைத்து விவரம் கேளுங்கள். நிறுவனம் தெரிந்து, சந்தா உங்களுடையதாகவே இருந்தால், அன்றே ரத்து செய்து, மேலே தந்த கடிதத்தில் ரத்து பற்றிய வரியை உங்கள் நிலைக்கேற்ப மாற்றி அனுப்புங்கள். 7 நாளில் பதில் வராவிட்டால், ஆட்சேபிக்க நியாயமான காரணம் உள்ள பிடித்தங்களைத் தனித்தனியே பட்டியலிட்டு, உண்மையான காரணத்தோடு முறையீடு பதியுங்கள். எங்கு தேடியும் உங்களுடையது என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை, வீட்டிலும் யாரும் தொடங்கவில்லை, சரிபார்ப்பும் நடக்கவில்லை என்று உறுதியானால், அப்போது மோசடி என்ற சொல்லைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். அட்டையை முடக்கிப் புதிய எண் கேளுங்கள். பழைய எண்ணில் எந்தப் பிடித்தமும் ஏற்கப்படக் கூடாது என்பதையும் எழுத்தில் பெறுங்கள். எந்த வழியில் போனாலும் முறையீட்டு எண்ணையும், பேசிய நாள் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அடுத்த பிடித்தம் வரவிருக்கும் தேதியிலும் அதற்கடுத்த மாதத்தின் அதே தேதியிலும் கணக்கைத் திறந்து பாருங்கள்.